இடது ஓரத்துப் பிள்ளை

கேமராக் கடைக்குள் மழைக்கு ஒதுங்க வருகிறவர்கள் லென்ஸ் வாங்க மாட்டார்கள் என்பது அவளுடைய அண்ணனின் அனுபவம். கண்ணில் பட்டதுக்கெல்லாம் விலை கேட்பார்கள். மழை விட்டதும், "யோசிச்சு சொல்றேன்" என்று போய்விடுவார்கள். அதனால், கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவன் உள்ளே வந்து மிதியடி மேல் நின்று சொட்டத் தொடங்கியபோது அவள் தலையை நிமிர்த்தவில்லை. அண்ணன் பல் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்தான். கல்லாவில் அவள்தான் உட்கார்ந்திருந்தாள்.

"மழை விடற வரைக்கும் நின்னுக்கலாம். விலை மட்டும் கேக்காதீங்க."

"நான் மழைக்கு ஒதுங்க வரல. சண்டை போட வந்திருக்கேன்."

நிமிர்ந்தாள்.

தலை தொப்பலாக நனைந்திருந்தது. சட்டைக்குள் எதையோ வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தான். பூனைக்குட்டி என்றுதான் முதலில் நினைத்தாள். வெளியே வந்தது ஒரு லென்ஸ் டப்பா... அதன்மேல் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

'ஆள் நனைஞ்சாலும் லென்ஸ் நனையல...' என்று மனதுக்குள் ஒரு மதிப்பெண் போட்டாள். சண்டைக்காரனுக்கு எதற்கு மதிப்பெண் என்று உடனே அதை அழித்தாள்.

அப்புறம் அந்தக் கண்கள். வலது கண் அகலமாக, எதையோ தேடுவதுபோல். இடது கண் சற்றே சுருங்கி... பல வருஷம் ஒரு சின்னத் துளை வழியாகவே உலகத்தைப் பார்த்தவனுக்கு மட்டும் வாய்க்கும் ஜோடி. சுருங்கிய கண்ணின் இமை நுனியில் ஒரு மழைத்துளி, விழலாமா இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. அது விழும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். விழுந்ததும் தொண்டையைச் செருமினாள்.

"என்ன சண்டை?"

"இந்த லென்ஸ் போன வாரம் இங்க வாங்கினது. பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சு. 'ஓரம் வரைக்கும் ஷார்ப்பு, கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போங்க'ன்னு இங்க இருந்தவர் சொன்னார். நானும் மூடிட்டேன். நேத்துதான் திறந்தேன்."

"திறந்து?"

"இடது ஓரம் மங்கலா இருக்கு."

அவளுடைய காது மடல் சூடானது.

அந்தக் கடை பழைய கேமராக்களையும் லென்ஸ்களையும் வாங்கி விற்கும் கடை. விற்பது அண்ணன். சோதிப்பது அவள். பின்னறைச் சுவரில் பொடி எழுத்தும் கோடுகளும் கட்டங்களும் அச்சிட்ட ஒரு பெரிய பலகை உண்டு. வருகிற ஒவ்வொரு லென்ஸாலும் அந்தப் பலகையைப் படமெடுப்பாள். கணினியில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி நடுவையும் நான்கு மூலைகளையும் பார்ப்பாள். தேறினால் பச்சை ஒட்டு. தேறாவிட்டால் சிவப்பு. அண்ணி அவளுக்கு வைத்திருக்கும் பெயரே 'நூறு பர்சென்ட்'. அண்ணி கொண்டுவந்து காட்டும் மாப்பிள்ளைப் படங்களையும் அவள் அந்த அளவுக்குப் பெரிதாக்கித்தான் பார்ப்பாள். ஒருவருக்குச் சிரிப்பு கண்வரை போகவில்லை. இன்னொருவர் படத்தில் பின்னால் இருந்த பூச்செடி நன்றாக இருந்தது, ஆள்தான் மறைத்துக்கொண்டு நின்றார். இப்படியாக எல்லாருக்கும் சிவப்பு.

"அந்தப் பச்சை ஒட்டினது நான்தான்" என்றாள்.

"அப்ப சரியான ஆள்கிட்டதான் வந்திருக்கேன்."

அவன் பள்ளிக்கூடங்களில் குரூப் போட்டோ எடுப்பவன். கேமராவைத் திருப்பிக் காட்டினான். நான்கு வரிசையில் பிள்ளைகள். அவள் படத்தைக் கணினிக்கு மாற்றிப் பெரிதாக்கினாள். நடுவில் இருந்த பிள்ளைகளின் சட்டைப் பொத்தானில் நூல்வரை தெரிந்தது. இடது கோடியில் நின்ற சின்னப் பையனின் முகம் மட்டும்... அழுத பிறகு கண்ணாடி பார்த்ததுபோல் கலங்கியிருந்தது.

"பையன் தலையை ஆட்டியிருக்கான்."

"தலையை ஆட்டினான் சரி. செருப்பையும் ஆட்டினானா?"

"பசங்க எதை வேணா ஆட்டுவாங்க."

"பக்கத்துல இருக்கற செங்கல் தூணு?"

தூணைப் பார்த்தாள். தூணும் கலங்கித்தான் இருந்தது. "தூணு ஆடாது" என்று ஒப்புக்கொண்டாள். "நீங்க ஆடியிருக்கலாம்."

"நான் ஆடினா மொத்தப் படமும்ல ஆடணும். இடது பக்கம் மட்டும் ஆடறதுக்குத் தனியா பயிற்சி எடுக்கணும்."

சிரிப்பு வந்துவிட்டது. சண்டையில் சிரித்தால் பாதி தோற்ற மாதிரி. உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள்.

"அப்ப கேமராவை நேரா வெச்சிருக்க மாட்டீங்க. கொஞ்சம் கோணலா நின்னா ஒரு ஓரம் போயிடும். வாங்க, காட்டறேன்."

பின்னறையில் லென்ஸை மாட்டி, பலகைக்கு நேராகக் கேமராவைத் தாங்கியில் நிறுத்தி, லென்ஸின் துளையை அகலத் திறந்து, கை படாமல் தானாக எடுக்கும்படி வைத்து எடுத்தாள். திரையில் இடது மூலையைப் பெரிதாக்கினாள். பொடி எழுத்து ஒவ்வொன்றும் ஊசியால் கீறியதுபோல் நின்றது.

"படிங்க பார்ப்போம்."

அவன் குனிந்து படித்தான். ஈர முடியிலிருந்து ஒரு சொட்டு விசைப்பலகையில் விழுந்தது.

"ஒண்ணு செய்யலாமா..." என்றான் மெதுவாக. "கேமராவைத் தலைகீழா மாட்டி இன்னொரு படம் எடுங்களேன்."

"எதுக்கு?"

"தப்பு லென்ஸ்ல இருந்தா லென்ஸோடவே திரும்பும். சுவத்துல இருந்தா சுவத்தோடவே நிக்கும்."

"சுவத்துல..." அவள் பலகையைத் திரும்பிப் பார்த்தாள். யாரோ அவளுடைய குடும்பத்தைப் பற்றித் தப்பாகப் பேசியதுபோல் இருந்தது. "இந்தச் சுவத்தையா சொல்றீங்க?"

"சுவரும் மனுஷங்க கட்டினதுதானே."

"தலைகீழா நிறுத்தி வித்தை காட்ட இது சர்க்கஸ் இல்லைங்க. லென்ஸ் நல்லா இருக்கு."

"அப்ப இதை எடுத்துக்கிட்டு அந்த ஜூமைக் குடுத்துடுங்க." அலமாரியின் கீழ்த்தட்டில் சிவப்பு ஒட்டோடு குந்தியிருந்த ஒன்றைக் காட்டினான்.

"அது தேறல. அதுக்குத்தான் நிஜமாவே இடது ஓரம் போயிடுச்சு. தேறியிருந்தாலும் உங்களுக்கு ஜூம் குடுத்திருக்க மாட்டேன்."

"ஏன், எனக்கும் சிவப்பா?"

கேட்காத மாதிரி தொடர்ந்தாள். இந்த விஷயத்தில் அவளுக்குக் கொள்கை உண்டு. "ஜூம் எல்லாத்துக்கும் தலையாட்டும். கிட்ட வாயேன்னா வரும். தூரப் போயேன்னா போகும். அப்படி எல்லாருக்கும் சரி சொல்றது எதையும் முழுசா செய்யாது. நீங்க வெச்சிருக்கறது பிரைம். அதுக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு தூரம். அதை மட்டும் ஒழுங்கா செய்யும்."

"அது நகராதே. நாமதான் நகரணும். பள்ளிக்கூடத்துல எனக்குப் பின்னாடி எப்பவும் மதில் சுவர் இருக்கும். சுவத்துக்குள்ள எப்படிப் போறது?"

"பிள்ளைங்களை முன்னாடி பின்னாடி நகர்த்துங்க."

"நீங்க பிள்ளைங்களை நகர்த்திப் பார்த்ததில்ல போல. ஒரு பக்கம் அள்ளி வைக்கறதுக்குள்ள இன்னொரு பக்கம் வழிஞ்சு ஓடிடும்."

அவன் லென்ஸைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். சுருங்கிய அந்தக் கண் இன்னும் கொஞ்சம் சுருங்கியது...

"இவ்வளவு உறுதியா சொல்றீங்க. சரி. நான் நின்ன நிலைதான் தப்பா இருக்கும்."

டப்பாவைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு மழையிலேயே போய்விட்டான். ஜெயித்துவிட்டாள். ஜெயித்தால் சந்தோஷமாக இருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தாள். அது வரவில்லை. தொலைந்துபோன ஏதோ ஒரு பொருளைத் தேடுவதுபோல் அன்று சாயங்காலம் வரை கடைக்குள் இங்கும் அங்கும் நடந்தாள்.

இரண்டு நாள் கழித்து அவன் லென்ஸ் மூடி வாங்க வந்தான். அதற்கு அடுத்த நாள் துடைக்கிற துணி. பிறகு தோள் வார். அதற்கும் பிறகு, முதலில் வாங்கிய மூடி தொலைந்துபோனதால் இன்னொரு மூடி. லென்ஸைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

"ஒரு லென்ஸுக்கு எத்தனை வாய்? இத்தனை மூடி வாங்கறாரு" என்றாள் அண்ணி.

"தொலைஞ்சிடுச்சாம்."

"மூடியா? நான் வேற ஏதோ தொலைஞ்சிருக்கும்னு நினைச்சேன்."

"அண்ணி, உங்களுக்கு வேலை இல்லையா?"

"இதுதானே வேலை."

ஒருநாள் கடையில் யாரும் இல்லை. வெளியே மழை, நிற்கவும் மனமில்லாமல் பெய்யவும் மனமில்லாமல் தூறிக்கொண்டிருந்தது. அவன் கண்ணாடி அலமாரிமேல் கையை ஊன்றிக்கொண்டு பேசினான்.

"குரூப் போட்டோல நடுவுல நிக்கறவங்களைப் பத்தி எனக்குக் கவலையே இல்ல. அவங்களை எந்த லென்ஸும் பார்த்துக்கும். ஓரத்துல ஒரு பிள்ளை நிக்கும் பாருங்க... கூப்பிட்டா கடைசியா வரும், இடம் இல்லாம ஒட்டிக்கிட்டு நிக்கும். அந்தப் படம் அது வீட்டுக்குப் போகுதுல்ல? அங்க அவங்க அம்மா எங்க பார்ப்பாங்க?"

"ஓரத்தை."

"ஓரத்தைத்தான். அவங்களுக்கு அதுதான் படத்தோட நடு."

ஆயிரக்கணக்கான மூலைகளைப் பார்த்தவள் அவள். மூலையில் கோடு நிற்கும், எழுத்து நிற்கும், கட்டம் நிற்கும்... ஒரு பிள்ளை வந்து நிற்கும் என்று தோன்றியதே இல்லை. அந்தப் பிள்ளைக்கு அம்மா இருப்பாள் என்றும்.

அன்று அவன் முகத்தை மனதுக்குள் பெரிதாக்கிப் பார்த்தாள். பழக்கதோஷம். நூறு சதவீதம்... மூக்கு ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. தாடையில் சவரம் தவறவிட்ட ஒரு திட்டு. குறைகள் தெளிவாகத்தான் தெரிந்தன. ஆனால் ஒட்டுவதற்குச் சிவப்பை எடுக்கக் கை போகவில்லை. 'கண்ணு கெட்டுப்போச்சா எனக்கு?' என்று பயந்துபோனாள்.

"வெள்ளிக்கிழமை ஒரு சின்னப் பள்ளிக்கூடம்" என்றான் அவன் கிளம்பும்போது. "ஆத்துப் பாலத்தைத் தாண்டினதும் மஞ்சக் கட்டடம். அதை மூடறாங்க. பிள்ளைங்க எல்லாம் ஆளுக்கு ஒரு பக்கமா வேற பள்ளிக்கூடம் போயிடும். மொத்தமா ஒரே ஒரு படம் எடுத்துக் குடுக்கணும். மறுபடி சேர்த்து நிறுத்த முடியாது."

"எந்த லென்ஸ்?"

"நீங்க தேத்தி விட்டதுதான்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு கண்வரைக்கும் போனது.

வெள்ளிக்கிழமை காலை புதிதாக வந்த இரண்டு லென்ஸைச் சோதித்தாள். இரண்டும் சிவப்பு. சிவப்பு ஒட்டுத் தாள் தீர்ந்துபோயிருந்தது. மழை தொடங்கியதிலிருந்தே அப்படித்தான், வருகிற நல்ல லென்ஸெல்லாம் தோற்றுக்கொண்டிருந்தது. காலம் கெட்டுவிட்டது, ஜனங்கள் லென்ஸைப் போட்டு உடைக்கிறார்கள் என்று நினைத்திருந்தாள். ஆனால்... எல்லாருமா இடது பக்கமாகவே போட்டு உடைப்பார்கள்?

அறைக் கதவைச் சாத்தினாள். யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, கேமராவைத் தலைகீழாக மாட்டினாள். எடுத்தாள். திரையில் பெரிதாக்கினாள்.

மங்கல் நகரவில்லை. லென்ஸ் புரண்ட பிறகும், பலகையின் இடது பக்கமே மங்கலாக இருந்தது.

ஒரு நூலை எடுத்துப் பலகையின் குறுக்கே இழுத்துப் பிடித்தாள். வலது பக்கம் நூல் பலகையோடு ஒட்டிக்கொண்டது. இடது பக்கம் பலகை ஒரு விரல் கனத்துக்கு முன்னால் உப்பி நூலைத் தள்ளியது. பின்னால் சுவரைத் தொட்டாள். ஈரம். மழைத் தண்ணீர் எந்த வழியாகவோ இறங்கி, மரத்தை ஊதவைத்து, அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

அப்படியானால் நல்ல லென்ஸ்களெல்லாம் இந்தக் கோணல் பலகைமுன் தோற்றிருக்கின்றன. கோணலான ஒரே ஒரு லென்ஸ், பலகையின் கோணலோடு அச்சாகப் பொருந்திப்போய்ப் பச்சை வாங்கியிருக்கிறது. அந்த ஒன்றை அவனிடம் கொடுத்து, நீதான் கோணலாக நின்றாய் என்று அனுப்பிவைத்தாள். இன்றைக்கு அவன் அதைத்தான் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். மறுபடி சேர்த்து நிறுத்த முடியாத பிள்ளைகளுக்கு முன்னால்.

அண்ணனிடம் சொன்னாள். பல் எடுத்த கன்னம் இன்னும் வீங்கியிருந்ததால் அவன் பேச்சு பாதி வாயில்தான் வந்தது.

"பலகையை மாத்திடு. வெளிய மூச்சு விடாத."

"அண்ணா, அவர் இன்னைக்குப் படம் எடுக்கறார்."

"அவர் மறுபடி வந்து கேட்டாரா? வாங்கிட்டுப் போனார்ல? ஒருத்தர்கிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி. இந்தக் கடையில ஓடறதே உன் பச்சை ஸ்டிக்கர்தான். அதுவே தப்புன்னு நீயே போய்ச் சொல்லுவியா?"

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அவளிடம் வேறு என்ன இருக்கிறது? பார்த்தால் சரியாகப் பார்ப்பாள் என்ற பெயர் ஒன்றுதான். அதையும் கொண்டுபோய், தன்னைப் பார்த்து முகம் சுளிக்கக் கூடாது என்று அவள் மிகவும் விரும்புகிற ஒருவன் முன்னால் அவிழ்த்துக் கொட்ட வேண்டும். போகாவிட்டால் பெயர் மிஞ்சும். ஏதோ ஒரு வீட்டுச் சுவரில் ஓர் அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு மங்கலான ஒரு முகத்தைத் தேடிக்கொண்டிருப்பாள்.

கீழ்த்தட்டிலிருந்து அந்த ஜூமை எடுத்தாள்.

"அண்ணி, குடை."

"எங்க?"

"எதிர்ல கிடங்குச் செங்கல் சுவர் வரைக்கும். இதைச் சோதிக்கணும். அப்புறம்... ஒருத்தர்கிட்ட நான் தப்புன்னு சொல்லணும்."

"நீ தப்புன்னு நீ சொல்லப் போறியா?" அண்ணி செருப்பைத் தேடத் தொடங்கினாள். "இதுக்குக் குடை இல்ல, கூடாரமே தூக்கிட்டு வருவேன்."

தெருவுக்கு நடுவே அண்ணி குடை பிடிக்க, அவள் கிடங்குச் சுவரை நேராக ஒரு தடவையும் தலைகீழாக ஒரு தடவையும் படமெடுத்தாள். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். "என்ன, செங்கல் காணாமப் போச்சா?" என்று கேட்டார் ஒருவர். அவள் கேமராவின் சின்னத் திரையில் மூலை மூலையாகப் பெரிதாக்கினாள். நான்கு மூலையிலும் செங்கல் செங்கலாகவே இருந்தது. சாந்தில் இருந்த மணல்கூடத் தெரிந்தது.

சிவப்பை நகத்தால் கீறிப் பிய்த்தாள். "மன்னிச்சுக்கோ" என்றாள் லென்ஸிடம்.

"ஒத்திகையா?" என்றாள் அண்ணி. "நல்லாத்தான் வருது. பஸ் வருது பார், ஏறு. அண்ணனை நான் பார்த்துக்கறேன்."

பஸ்ஸில் என்ன பேசுவது என்று அழகாகத் தயாரித்தாள். நிதானமான தொடக்கம், காரணங்கள், கடைசியில் ஒரு கௌரவமான வருத்தம். மஞ்சள் கட்டடத்தின் வாசலில் இறங்கியபோது எல்லாம் மனப்பாடம். உள்ளே, மைதானத்தில், பெஞ்சுகள் மேலும் கீழுமாகப் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். அவன் மதில் சுவரோடு முதுகு ஒட்டி, கேமராவுக்குப் பின்னால் குனிந்திருந்தான். மேலே மேகம் கருகருவென்று இறங்கியிருந்தது.

"எடுக்காதீங்க" என்றாள்.

எல்லாரும் திரும்பினார்கள். தயாரித்தது அத்தனையும் பஸ்ஸோடு போய்விட்டது.

"என் பலகைதான் கோணல். ஈரத்துல உப்பிடுச்சு. உங்க லென்ஸ் நிஜமாவே சரியில்ல. நீங்க நேராத்தான் நின்னீங்க. நான் பார்த்ததுதான் தப்பு." மூச்சு வாங்கியது. "தலைகீழா வெச்சுப் பார்த்தேன்."

அவன் நிமிர்ந்தான். முகத்தில் கோபம் இல்லை, வியப்பும் இல்லை. மாட்டிக்கொண்ட பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது.

"தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"லென்ஸ்தான்னு. அன்னைக்கே வீட்டுக்குப் போய்த் தலைகீழா மாட்டிப் பார்த்துட்டேன்."

"அப்ப ஏன் வந்து சொல்லல?"

பிள்ளைகள் இருந்தார்கள். ஆசிரியர்கள் இருந்தார்கள். அவன் குரலைத் தாழ்த்தினான். "சொன்னா நீங்க மாத்திக் குடுத்துடுவீங்க. கணக்கு முடிஞ்சிடும். அதோட... அவ்வளவு உறுதியா பேசினீங்களா, அந்த முகத்தைப் பார்த்துட்டு மறுபடி வந்து தப்புன்னு சொல்ல மனசு வரல."

இனித்திருக்க வேண்டும். ஒரு நொடி இனிக்கவும் செய்தது. அதற்குள் கோபம் முந்திக்கொண்டது.

"அதுக்காக? ஓரத்துல நிக்கற பிள்ளை உங்களுக்கு நடுன்னு சொன்னீங்க. இப்ப என் முகத்துக்காக அதைக் கலங்கலா விட்டுடுவீங்களா?"

"பிள்ளையை விடல. அங்க பாருங்க."

இடது கோடியில், பிள்ளைகளிடமிருந்து தள்ளி, தலைமை ஆசிரியையும் இரண்டு ஆசிரியர்களும் நின்றிருந்தார்கள். பிள்ளைகள் எல்லாரும் நடுவிலும் வலப்பக்கமும் புளிமூட்டையாக அடுக்கப்பட்டிருந்தார்கள். மேல் பெஞ்சு ஆடிக்கொண்டிருந்தது.

"அவர் முதல்லயே சொல்லிட்டாரும்மா" என்றார் தலைமை ஆசிரியை. "அந்தப் பக்கம் நின்னா மங்கலாதான் விழும்னாரு. என் வயசுக்கு மங்கலா விழறது நல்லதுதான்னு நானே வந்து நின்னுட்டேன்."

பெரிய பிள்ளைகள் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணில் நீர் முட்டியது. அவனிடம் மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"முதல் நாள் என் சுவத்தையே தப்புன்னு சொன்னீங்க. கடைக்கு வர்ற எல்லாரும் நான் சொன்னா தலையாட்டிட்டுப் போயிடுவாங்க. நீங்க ஆட்டல. எனக்கு அதுதான்..." நிறுத்திக்கொண்டாள்.

"அதுதான்?"

"அப்புறம் நீங்களும் ஆட்டிட்டீங்க. இந்தாங்க. இது நல்ல லென்ஸ். நாலு மூலையும் பார்த்துட்டேன். மழை வர்றதுக்குள்ள எடுங்க."

டப்பாவைத் திறந்தவன் அப்படியே நின்றான். "ஜூம்."

"பேசாம மாட்டுங்க."

மாட்டினான். வளையத்தைத் திருப்பியதும், பின்னால் ஓர் அங்குலம்கூட நகராமல், மைதானம் முழுவதும் அவன் கண்ணுக்குள் விரிந்தது. பிள்ளைகளைப் பிரித்துத் தாராளமாக நிறுத்தினான். ஆடிய பெஞ்சு இறங்கியது. தலைமை ஆசிரியையை நடுவுக்குக் கூப்பிட்டான்.

"அப்ப நான் தெளிவா விழுந்துடுவேனா?"

"ஒவ்வொரு முடியும் தெரியும், டீச்சர்."

"அப்ப ஒரு நிமிஷம் இருங்க" என்று அவர் சீப்பு தேடி உள்ளே போனார்.

அந்த இடைவெளியில் அவன் கேமராவைவிட்டு விலகி நின்றான். "நீங்க ஒரு தடவை பாருங்க."

"நான் எதுக்கு? நான் பார்த்தாத்தான் தப்பாகுதே."

"தப்பா பார்க்கறவங்க இவ்வளவு தூரம் ஓடி வந்து சொல்ல மாட்டாங்க. பாருங்க."

குனிந்து துளையில் கண் வைத்தாள். வாழ்க்கையில் முதன்முதலாக, மூலையில் பலகையும் இல்லை, செங்கலும் இல்லை. இடது கோடியில் ஒரு சின்னப் பெண். கடைசியாக வந்து, இடமில்லாமல் ஒட்டிக்கொண்டு நின்றவள். ஒரு காலின் மேல் இன்னொரு காலை வைத்துக்கொண்டு, இரண்டு பல் விழுந்த வாயோடு, நேராக அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இமை இமையாகத் தெரிந்தது.

நிமிர்ந்தாள். தலையை மட்டும் அசைத்தாள். தலைமை ஆசிரியை சீவிய தலையோடு வந்து நின்றார். அவன் எடுத்தான். ஆடியவர்களுக்காக மறுபடி எடுத்தான். எல்லாரும் ஆடாமல் நிற்பதாகச் சத்தியம் செய்ததால் இன்னும் ஒரு தடவை.

முதல் பெருந்துளி விழுந்ததும் மைதானம் காலியானது. பிள்ளைகள் வகுப்புக்குள் கூச்சலோடு ஓடினார்கள். அவன் கேமராவைச் சட்டைக்குள் சுருட்டிக்கொண்டு ஓடிவந்து, சைக்கிள் நிறுத்தும் தகரக் கொட்டகையில் அவள் பக்கத்தில் நின்றான். மேலே தகரம் தடதடத்தது.

"நாளைக்கு என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டான்.

"மழை ஆரம்பிச்சதுல இருந்து வந்த லென்ஸ் எல்லாத்தையும் செங்கல் சுவத்துல மறுபடி பார்க்கணும். வாங்கிட்டுப் போனவங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லணும். அண்ணன் என்கூடப் பேச மாட்டான்."

"பல் வலியில எப்படியும் பேச முடியாதே."

உதட்டை மடித்துப் பார்த்தாள். இந்தத் தடவை சிரிப்பு நிற்கவில்லை.

"கோபம் போச்சா?" என்றான்.

"போகல. ஒண்ணு சொல்லணும்... அதைச் சொல்ற வரைக்கும் போயிடக் கூடாதுன்னு பிடிச்சு வெச்சிருக்கேன். கோபம் இல்லன்னா எனக்குத் தைரியம் வராது."

அவன் காத்திருந்தான். கொட்டகை விளிம்பிலிருந்து மழை நூல் நூலாக இறங்கி இருவர் முன்னாலும் திரை கட்டியது. அவள் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. மங்கலா எல்லாம் இல்ல, தெளிவாவே தெரியுது. ஆனா ஒரு விஷயம். நான் தப்பா பார்த்தா, தப்புன்னு சொல்லணும். என் முகம் வாடினாலும் சொல்லணும். என் முகம் வாடிட்டுத் தானா சரியாயிடும். பாவம் பார்த்து வாயை மூடிக்கிட்டா... அப்புறம் நான் யாரை நம்பிப் பார்க்கறது? முடியுமா உங்களால?"

அவன் எல்லாத்துக்கும் சரி என்று சொல்லிவிடும் அவசரம் இல்லாமல், நிஜமாகவே யோசித்தான். அந்த யோசனை அவளுக்குப் பிடித்திருந்தது.

"கஷ்டம்" என்றான். "ஆனா முடியும். இப்பவே ஒண்ணு தப்புன்னு சொல்லலாமா?"

"சொல்லுங்க."

"இதை முதல்ல நான் சொல்லியிருக்கணும். நாலு நாளா தயார் பண்ணிட்டிருந்தேன். நீங்க முந்திட்டீங்க."

"தப்புதான்" என்றாள், ஒரே நாளில் இரண்டாம் முறையாக. "இப்ப சொல்லுங்க, கேக்கறேன்."

அவன் அவள் பக்கம் திரும்பினான். ஒரு கண் அகலமாக, ஒரு கண் சுருங்கி... சொன்னான். தகரத்தின் மேல் மழை கொட்டியது. அவள் காதில் ஒவ்வொரு சொல்லும் விழுந்தது, நடுவே அவன் மூச்சு வாங்கியதுகூட.

"மழைச் சத்தம்" என்றாள் அவள். "சரியா கேக்கல."

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து, அவன் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தான்.